ஜூலை 16 கோகெலோ, ஜூலை 18 டொராண்டோ: ஒரு டீம் பிரசிடென்டோட ரெண்டு வேலை

கேஸ் ஸ்டடி எழுதறப்ப ஆளுங்க பேர் போடறதில்ல, அதனால இங்கயும் இவரை பிரசிடென்ட்னும் மத்தவங்கள அவங்கவங்க வேலையை வச்சும் சொல்லிட்டுப் போறேன். என்பிஏ, அதாவது அமெரிக்காவோட பெரிய பாஸ்கெட்பால் லீக், பாக்கறவங்களுக்கு நாலு வரி படிச்சாலே யாருன்னு தெரிஞ்சிரும், பரவாயில்ல, எல்லாமே வெளியில வந்த விஷயம்தான்.

2018 ஜூலை 16, கென்யாவுல கோகெலோன்னு ஒரு கிராமம், பராக் ஒபாமாவோட அப்பா ஊரு. ஒபாமாவோட அக்கா நடத்தற சௌத்தி கூ இளைஞர் மையத்தைத் திறந்து வைக்க ஒபாமாவே வந்திருந்தாரு, அங்க இருந்த பாஸ்கெட்பால் கோர்ட் நம்ம பிரசிடென்ட் ஆப்பிரிக்காவுல பசங்களுக்கு கேம்ப் நடத்தற ஜயன்ட்ஸ் ஆஃப் ஆப்பிரிக்கா அமைப்பு போட்டுக் குடுத்தது. ரெண்டே நாள் கழிச்சு, ஜூலை 18, அவர் அப்ப நடத்தின டொராண்டோ ராப்டர்ஸ் டீம், ஒம்பது வருஷமா அந்த ஊரை விட்டு நகராத தன்னோட ஸ்டார் ப்ளேயரை சான் அன்டோனியோவுக்கு ட்ரேட் பண்ணிடுச்சு, அதாவது அந்த டீம் ஆளுக்கு மாத்திக் குடுத்துடுச்சு. ஒரு பக்கம் தனக்கு எந்தக் கடனும் இல்லாத பசங்களுக்கு கோர்ட், இன்னொரு பக்கம் டீமுக்காக உழைச்சவனுக்கு வெளிய போற வழி, ரெண்டும் ஒரே ஆள் ஒரே வாரத்துல பண்ணது. இந்த ரெண்டையும் சேத்து வச்சுப் பாக்கணும்னுதான் இதை எழுதறேன்.

பின்னணி

பிரசிடென்ட் பொறந்தது 1970ல, இங்கிலாந்துல போர்ன்மத். அப்பா நைஜீரியா, அம்மா கென்யா, அம்மா டாக்டர், அப்பாவுக்கும் ஆஸ்பத்திரி நிர்வாகத்துலதான் வேலை. வளர்ந்தது வட நைஜீரியாவுல ஸாரியாங்கற ஊர்ல. அங்க எல்லாப் பசங்களும் மாதிரி மொதல்ல ஃபுட்பால்தான், பதின்மூணு வயசு வாக்குல பாஸ்கெட்பால் பக்கம் திரும்பினாரு. அமெரிக்காவுல நார்த் டகோட்டா குளிர்ல ஒரு காலேஜ், அப்புறம் ஐரோப்பாவுல சின்னச் சின்ன லீக்ல சில வருஷம் ஆடினாரு. பெருசா சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல, என்பிஏ வாசலைக் கூட மிதிக்காத ப்ளேயர்.

2002 வாக்குல ஆட்டத்தை விட்டுட்டு, ஒரு நைஜீரியப் பையனை ட்ரையவுட்டுக்காக ஆர்லாண்டோவுக்குக் கூட்டிட்டுப் போறாரு. அங்க ஆர்லாண்டோ மேஜிக் டீம் ஆளுங்களுக்கு இவரைப் பிடிச்சுப் போச்சு, இன்டர்நேஷனல் ஸ்கவுட்டா, அதாவது வெளிநாட்டு ப்ளேயருங்களைத் தேடிப் பாத்து சொல்ற ஆளா வேலை குடுத்தாங்க, ஆனா சம்பளம் கிடையாது. கைக்காசு போட்டு ஊர் ஊரா போயி, தெரிஞ்ச ப்ளேயர் வீட்டு சோஃபாவுலயும் வேற ஸ்கவுட் எடுத்த ரூம்லயும் படுத்துக்கிட்டு ரிப்போர்ட் எழுதினாரு. அடுத்து டென்வர் நகெட்ஸ் சம்பளத்தோட எடுத்துக்கிச்சு, 2007ல டொராண்டோவுல குளோபல் ஸ்கவுட்டிங் டைரக்டர், 2010ல மறுபடி டென்வர், இந்தத் தடவை டீமையே நடத்தற பொறுப்பு. வட அமெரிக்காவோட பெரிய லீக் எதுலயும் ஒரு ஆப்பிரிக்கர் இந்த நாற்காலியில உக்காந்தது அதுதான் மொதல் தடவை. 2013ல டென்வர் 57 மேட்ச் ஜெயிச்சு, அந்த வருஷத்தோட சிறந்த எக்ஸிக்யூட்டிவ் அவார்டு இவருக்கு வந்துச்சு, வந்த கையோட டொராண்டோ அவரைத் தூக்கிட்டுப் போயிடுச்சு.

இதுல கவனிக்க வேண்டிய வருஷம் 2003. நைஜீரியாவுல பசங்களுக்கு பாஸ்கெட்பால் கேம்ப் ஆரம்பிச்சது அந்த வருஷம்தான். அப்ப இவர்கிட்ட பதவியும் இல்ல பணமும் இல்ல. பொதுவா டீம் பெருந்தலைங்க பொது சேவைன்னா எப்படி வரும், கப் ஜெயிச்சப்புறம் ஒரு பவுண்டேஷன், ஒரு டின்னர், கையில பெரிய சைஸ் செக் புடிச்சுக்கிட்டு ஒரு போட்டோ. இங்க வரிசை தலைகீழ். கேம்ப் மொதல்ல வந்துச்சு, நாற்காலி ஏழு வருஷம் கழிச்சு வந்துச்சு. அந்த வரிசையை மனசுல வச்சுக்கிட்டுதான் மத்ததைப் படிக்கணும்னு நான் நினைக்கிறேன்.

கேம்ப் உள்ள என்ன நடக்குது

ஒரு நாட்டுல சுமார் அம்பது பசங்களைத் தேர்ந்தெடுத்து சில நாள் பயிற்சி, அதுதான் ஆரம்ப அமைப்பு. பின்னாடி நைஜீரியாவைத் தாண்டி கென்யா, ருவாண்டா, செனகல், கானான்னு பரவுச்சு, பொண்ணுங்களுக்கும் தனி கேம்ப் வந்துச்சு. ட்ரில், மேட்ச் எல்லாம் வழக்கமானதுதான், வித்தியாசம் பேச்சுல இருக்கு. நேரத்துக்கு வா, பொய் சொல்லாதே, பொம்பளைங்களை மதி, இந்த மூணையும் பசங்களை வட்டமா உக்கார வச்சு திரும்பத் திரும்ப சொல்றாங்க. இதுல எத்தனை பேர் என்பிஏ போவாங்கன்னா கிட்டத்தட்ட யாருமே போகமாட்டாங்க, அது நடத்தறவங்களுக்கும் தெரியும். பால் ஒரு சாக்கு, அதை வச்சு காலேஜ், வேலை, கோச்சிங்னு எங்கயாவது பசங்க போய்ச் சேரணும், அதுதான் கணக்கு.

ஒரு ஸ்கவுட்டுக்கு இது உதவலையான்னு கேட்டா உதவியிருக்கும். ஆப்பிரிக்காவுல எந்தத் தெருவுல உயரமான பையன் இருக்கான்னு தெரிஞ்ச ஆளுக்கு லீக்ல மதிப்பு கூடத்தான் செய்யும். தன்னோட வேலையும் சேவையும் ஒண்ணுக்கொண்ணு தண்ணி ஊத்திக்கிட்டதை குத்தமா நான் பாக்கல, ஆனா தெரிஞ்சுக்கிட்டுப் படிக்கணும்.

2013 முதல் 2018 வரைக்கும் டொராண்டோவுல பார்த்தது

வந்தவுடனே டீமைக் கலைச்சுப் போடத்தான் நினைச்சாரு. பெரிய சம்பளக்காரங்க ரெண்டு பேரை வேற டீமுக்கு அனுப்பினாரு, பாயின்ட் கார்டையும் அனுப்பற பேச்சு நியூயார்க் டீம் பின்வாங்கினதால நின்னு போச்சு. அனுப்ப நினைச்ச அதே ஆள்தான் பின்னாடி கப் தூக்கினாரு, இது எக்ஸிக்யூட்டிவ் வேலையில அதிர்ஷ்டத்துக்கு உள்ள பங்கு, கேஸ் ஸ்டடி எழுதறவங்க பாதிப் பேர் இதை மறைச்சிருவாங்க.

கலைக்க நினைச்ச டீம் ஜெயிக்க ஆரம்பிச்சுடுச்சு. 2014 ப்ளேஆஃப், அதாவது லீக் ஆட்டங்களுக்கு அப்புறம் வர்ற நாக்அவுட் சுத்து, அந்த சமயம் அரங்கத்துக்கு வெளிய நின்ன கூட்டத்துல மைக்கைப் புடிச்சு ப்ரூக்ளின் டீமைக் கெட்ட வார்த்தையில திட்டி 25,000 டாலர் ஃபைன் கட்டினாரு, ஊர் அவரை அன்னிக்கே தத்து எடுத்துக்கிச்சு. அந்த வெளி மைதானத்துக்கு ஜுராசிக் பார்க்னு பேரு, பெரிய ஸ்க்ரீன்ல மேட்ச் போடுவாங்க, டிக்கெட் வாங்க முடியாத குடியேறிய வீட்டுப் பசங்கதான் நிறைய நிப்பாங்க, டொராண்டோவோட ஸ்கார்பரோ பக்கத்துத் தமிழ்ப் பசங்களும் அதுல உண்டு.

ஆனா ஒரு சுவர். 2016, 2017, 2018, மூணு வருஷம் தொடர்ச்சியா ப்ளேஆஃப்ல கிளீவ்லாண்ட்கிட்ட தோத்தாங்க, கடைசி ரெண்டு வருஷமும் ஒரு மேட்ச் கூட ஜெயிக்காம 4-0. 2018ல லீக் ஆட்டங்கள்ல 59 ஜெயிச்சு லீக்கோட கிழக்குப் பிரிவுல மொதல் இடம், அதுதான் அந்த டீமோட வரலாற்றுலயே பெரிய எண்ணிக்கை, அப்பவும் அதே கதை.

எடுத்த முடிவுகளும் காரணமும்

மொதல் முடிவு கோச். 2018 மே 11 அன்னிக்கு அவரை நீக்கினாரு, மத்த டீம் கோச்சுங்க எல்லாம் ஓட்டுப் போட்டு இவர்தான் சிறந்த கோச்னு சொல்லி ரெண்டு மூணு நாள்தான் ஆகியிருந்துச்சு. அடுத்த மாசம் லீக்கோட அதிகாரபூர்வ சிறந்த கோச் அவார்டும் நீக்கப்பட்ட அந்த மனுஷனுக்கே வந்துச்சு. அவருக்குப் பதிலா அசிஸ்டென்டா இருந்தவரை மேல ஏத்தினாங்க.

ரெண்டாவது முடிவுதான் பெருசு. ஸ்டார் ப்ளேயர் 2009 டிராஃப்ட்ல, அதாவது டீமுங்க முறை போட்டு புது ப்ளேயருங்களை எடுக்கற தேர்வுல வந்தவர். 2016ல ஒப்பந்தம் முடிஞ்சப்போ, சொந்த ஊரான லாஸ் ஏஞ்சலஸ் டீம் கூப்பிட வாய்ப்பு இருந்தும் வேற யாரையுமே சந்திக்காம டொராண்டோவுலயே கையெழுத்துப் போட்டாரு. 2018 தொடக்கத்துல தன்னோட மன அழுத்தத்தைப் பத்தி வெளிப்படையா பேசினாரு, லீக்ல அதுக்கப்புறம்தான் மத்தவங்களும் வாய் திறந்தாங்க. குளிர் ஊரு, வேற நாடு, வரி அதிகம்னு பெரிய ப்ளேயருங்க ஒதுங்கற ஒரு ஊருக்கு இந்த மாதிரி ஒரு ஆள் கிடைச்சது சாதாரண விஷயம் இல்ல.

எதிர்ப்பக்கம் சான் அன்டோனியோவுல இருந்த ஒரு ஃபார்வர்ட், ஃபைனல்ஸ்ல சிறந்த ப்ளேயர் பட்டம் வாங்கினவர், ஆனா தொடை காயத்தால அந்த சீசன் முழுக்க 9 மேட்ச்தான் ஆடியிருந்தாரு, அந்த டீமோட உறவும் கெட்டுப் போயிருந்துச்சு, ஒப்பந்தத்துல ஒரு வருஷம்தான் மிச்சம், டொராண்டோ வரணும்னு அவருக்கு எந்த ஆசையும் இல்ல. ஸ்டாரையும் ஒரு இளம் சென்டரையும் ஒரு டிராஃப்ட் உரிமையையும் குடுத்து, அவரையும் இன்னொரு அனுபவஸ்தரையும் வாங்கினாங்க. ஒரு வருஷ வாடகை வீட்டுக்காக சொந்த வீட்டை வித்த மாதிரின்னு ஊர்ல பேசினாங்க.

காரணம் என்னன்னா, அதே ஜூலை முதல் தேதிதான் கிளீவ்லாண்டோட அந்தப் பெரிய ஆள் லாஸ் ஏஞ்சலஸ் போறதா அறிவிச்சாரு, அதாவது கிழக்குல வழி திறந்துச்சு. ஒரே ஆளுங்களை வச்சு ஒரே முயற்சியைத் திரும்பத் திரும்பப் பண்ண முடியாதுன்னு பிரசிடென்ட் பத்திரிகைக்காரங்ககிட்ட சொன்னாரு. மோசமாப் போனாலும் ஒரு வருஷத்துல பெரிய சம்பளம் கணக்கை விட்டு எறங்கிடும், புதுசா ஆரம்பிக்கலாம். கணக்குன்னு பாத்தா சுத்தமான கணக்கு, நான் அந்த இடத்துல இருந்தாலும் இதைத்தான் பண்ணியிருப்பேன்னு நினைக்கிறேன், தைரியம் வந்திருக்குமான்னு தெரியல.

சறுக்கினது வேற இடத்துல. ட்ரேடுக்குச் சில நாள் முன்னாடி லாஸ் வேகஸ்ல சம்மர் லீக் சமயம் பேசினப்போ தன்னை எங்கயும் அனுப்பப் போறதில்லன்ற மாதிரிதான் சொன்னாங்கன்னு ஸ்டார் பின்னாடி சொன்னாரு. விஷயம் தெரிஞ்சப்போ ராத்திரி நேரத்துல லாஸ் ஏஞ்சலஸ்ல ஒரு ஃபாஸ்ட் ஃபுட் கடையில இருந்தாராம். சொன்னது ஒண்ணு நடந்தது ஒண்ணு, இந்த ஆட்டத்துல விசுவாசமே கிடையாதுன்னு ஆன்லைன்ல எழுதினாரு. ஜூலை 20 பிரஸ் மீட்ல பிரசிடென்ட் அதுக்கு மன்னிப்புக் கேட்டாரு, வரப்போற சீசன்ல என்ன எதிர்பாக்கறோம்னு அவர்கிட்ட பேசினதுதான் என் தப்பா இருக்கலாம்னு சொன்னாரு.

கேம்ப்ல பசங்களுக்கு சொல்றதுல ரெண்டாவது பாடம் பொய் சொல்லாதே. அவர் பொய் சொன்னாருன்னு நான் சொல்ல வரல, பேசினப்போ ட்ரேட் முடிவாகாம இருந்திருக்கலாம், இந்தத் தொழில்ல பேச்சு வார்த்தை நடக்கும்போது யாரும் வாயைத் திறக்கவும் முடியாது. ஆனா கேட்டவருக்கு வாக்கு மாதிரி கேட்டிருக்கு. ட்ரேடை விட அதுதான் அவரை உடைச்சது.

அப்புறம் நடந்தது

புது ஃபார்வர்டை 82 மேட்ச்ல 60தான் ஆட விட்டாங்க, மெடிக்கல் ஸ்டாஃப் சொன்னதை அப்படியே கேட்டாங்க. 2019 பிப்ரவரியில இன்னொரு ட்ரேட் பண்ணி அனுபவமுள்ள ஸ்பானிஷ் சென்டரைக் கொண்டு வந்தாங்க. அதே பிப்ரவரி 22, பழைய ஸ்டார் எதிர் டீம் ஜெர்சியில டொராண்டோ வந்தாரு, அரங்கமே எழுந்து நின்னு கைதட்டுச்சு, ஆட்டம் முடியற கடைசி விநாடிகள்ல அவர் கையில இருந்த பாலைத் தட்டிப் பறிச்சு டங்க் பண்ணி ஜெயிக்க வச்சது அவருக்குப் பதிலா வந்த ஆளு. கதையில எழுதினா ஓவர்னு சொல்லுவாங்க.

மே 12 பிலடெல்பியாவோட ஏழாவது மேட்ச், கடைசி ஷாட் வளையத்துல நாலு தடவை குதிச்சு உள்ள விழுந்துச்சு, 92-90. அதுக்கப்புறம் மில்வாக்கி. ஜூன் 13, ஓக்லண்ட், கோல்டன் ஸ்டேட்டோட ஆறாவது மேட்ச், 114-110. அமெரிக்காவுக்கு வெளிய இருக்கற ஒரு டீம் என்பிஏ கப் ஜெயிச்சது அதுதான் மொதல் தடவை. அந்த டீம்ல கேமரூன்ல பொறந்த ஃபார்வர்ட் ஒருத்தர், 27வது ஆளா டிராஃப்ட் ஆனவர், காங்கோவுல பொறந்த சென்டர் ஒருத்தர், டிராஃப்ட்லயே எடுக்கப்படாத கார்ட் ஒருத்தர்னு இருந்தாங்க. ஆப்பிரிக்காவுல கேம்ப் நடத்தற ஆளோட கண்ணு எங்க இருந்துச்சுன்னு இதுல தெரியும்.

அதே ராத்திரிதான் இன்னொண்ணும் நடந்துச்சு. மேட்ச் முடிஞ்சு ப்ளேயருங்களோட கொண்டாட கோர்ட்டுக்குள்ள எறங்கப் போன பிரசிடென்டை அலமேடா கவுண்டி ஷெரிஃப் டெபுடி, அதாவது உள்ளூர் போலீஸ்காரர் ஒருத்தர் தடுத்து நிறுத்தினாரு. மறுநாள் ஷெரிஃப் ஆபீஸ் சொன்னது, பாஸ் காட்டாம உள்ள போகப் பாத்தாரு, டெபுடியை அடிச்சாருன்னு. தன்னோட டீம் மொதல் கப் ஜெயிச்ச மறுநாள் காலையில அந்த மனுஷன் பேரு கிரிமினல் கேஸ் பேச்சுல அடிபட்டுச்சு. அரசு வக்கீல் ஆபீஸ் கேஸ் போடலன்னு முடிவு பண்ணுச்சு, ஆனா 2020 பிப்ரவரியில டெபுடி சிவில் கேஸ் போட்டாரு. ஆகஸ்ட்ல இவரோட வக்கீலுங்க எதிர் வழக்கோட சேத்து டெபுடியோட உடம்புல இருந்த கேமரா வீடியோவை வெளியிட்டாங்க. அதுல தெளிவா இருக்கு, இவர் பாஸை எடுத்துக்கிட்டே வர்றாரு, மொதல்ல தள்ளினது டெபுடி, ஒரு தடவை இல்ல ரெண்டு தடவை. 2021 பிப்ரவரியில ரெண்டு பக்கமும் கேஸை விட்டாங்க.

இங்க அவர் எடுத்த முடிவு, பணம் குடுத்து சத்தமில்லாம முடிச்சிருக்கலாம், முடிக்கல. வீடியோ வெளிய வந்தப்புறம் அவர் சொன்னதோட சாரம், நான் ஜெயிச்ச ஆளா இருக்கறதாலதான் எனக்கு இந்த நியாயம் கிடைச்சது, மத்த கறுப்பினத்தவங்களுக்கு இந்த வசதி இல்லன்னு. அந்த வருஷம் கோவிட் காரணமா ஃப்ளோரிடாவுல ஆடப் போனப்போ டீம் பஸ் முழுக்க கறுப்பின உயிர்களுக்கான வாசகத்தை எழுதிக்கிட்டுப் போனாங்க. ஒரு வருஷத்துக்கு மேல ஒரு பழியைத் தூக்கிட்டு வேலை பாத்த ஆளு பேசினதால அதுல ஒரு கனம் இருந்துச்சு.

ஆட்டப் பக்கம் கீழதான் போச்சு. கப் ஜெயிச்ச மூணு வாரத்துல அந்த ஃபார்வர்ட் லாஸ் ஏஞ்சலஸ் கிளம்பிட்டாரு, பதிலுக்கு டீமுக்கு ஒண்ணும் வரல. 2020-21ல எல்லை மூடினதால சீசன் முழுக்க டாம்பாவுல ஆடி 27 ஜெயிப்பு, 45 தோல்வி. 2023ல அந்த டிராஃப்ட் ஆகாத கார்டும் ஒண்ணும் வராம ஹூஸ்டன் போனாரு. கேமரூன்காரரைக் கடைசியில 2024 ஜனவரியில இண்டியானாவுக்கு ட்ரேட் பண்ணாங்க, ரொம்ப லேட்டு. 2018ல அவ்வளவு வேகமா வெட்டின ஆளு இப்ப ஏன் தயங்கினாருன்னு எனக்குத் தோணும், ஜெயிச்சுக் குடுத்தவங்களை வெட்ட மனசு வரலையோ என்னவோ, இது என் ஊகம்தான். 2023-24ல 25 ஜெயிப்பு, அடுத்த வருஷம் 30. 2025 ஜூன் 27, ஒப்பந்தத்துல ஒரு வருஷம் மிச்சம் இருக்கும்போதே டொராண்டோ அவரை அனுப்பிடுச்சு.

கேம்ப் பக்கம் மேல போச்சு. 2021ல ஆப்பிரிக்கா முழுக்க 100 கோர்ட் கட்டறதுன்னு இலக்கு வச்சு ஒவ்வொரு நாடா போட ஆரம்பிச்சாங்க. 2023 ஆகஸ்ட்ல இருபதாவது வருஷத்துக்கு ருவாண்டாவுல கிகாலியில ஒரு வாரம் திருவிழா, 16 நாட்டுல இருந்து 250க்கு மேல பசங்களும் பொண்ணுங்களும் வந்தாங்க. 2025ல அடுத்த திருவிழா, டொராண்டோ அவரை அனுப்பி ஒரு மாசம்தான் ஆகுது. அப்பத்தான் கிகாலி ஸ்டேடியம் பக்கத்துல ஹோட்டல், கோர்ட், கடைங்கன்னு ஒரு வளாகத்தைத் திறந்தாங்க, பேரு ஸாரியா கோர்ட்.

என்ன மாத்தலாம்

ட்ரேடை மாத்தச் சொல்லமாட்டேன். மாத்த வேண்டியது லாஸ் வேகஸ் பேச்சு. பேச்சு வார்த்தை நடக்கற சமயத்துல ப்ளேயர்கிட்ட அடுத்த சீசனைப் பத்திப் பேசாம இருந்திருக்கணும், இல்லன்னா "இந்த வாரம் நான் எதையும் உறுதியா சொல்ல முடியாது"ன்னு நேரா சொல்லியிருக்கணும். சொன்னா விஷயம் கசிஞ்சு ட்ரேட் கெட்டுப் போகும்னு தொழில் தெரிஞ்சவங்க சொல்லுவாங்க, அதுல நியாயம் இருக்கு. ஆனா ஒம்பது வருஷம் இருந்த ஒருத்தருக்கு அந்த அளவு ரிஸ்க் எடுக்கலாம்.

ஓக்லண்ட் விஷயத்துல அவர் மாத்தறதுக்கு ஒண்ணும் இல்ல, மாத்த வேண்டியது அரங்கம். ஃபைனல் முடியற நிமிஷத்துல ஜெயிச்ச டீமோட தலைவர் யாருன்னு வாசல்ல நிக்கற போலீசுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கறதுக்கு ஒரு தாளும் போட்டோவும் போதும். அப்புறம் முழு வீடியோ வெளிய வர 14 மாசம் ஆச்சு, அது இருந்தது அரசு கையில, முதல் வாரத்துலயே வந்திருந்தா இந்தப் பகுதியே இந்தக் கேஸ் ஸ்டடியில இருந்திருக்காது.

கடைசியா, கேம்ப் ரொம்ப நாளா இவர் ஒருத்தர் முகத்தை நம்பி ஓடிட்டிருக்கு, ஒபாமா வந்தாலும் ஸ்பான்சர் வந்தாலும் இவர் கூப்பிட்டுதான் வந்தாங்க. டொராண்டோவுல நாற்காலி போனப்புறமும் கிகாலி திருவிழா நின்னு போகலங்கறது நல்ல அறிகுறி. அங்க பழைய கேம்ப் பசங்க இப்ப கோச்சா விசிலோட நிக்கறாங்க, எந்த நாட்டுக்கு எத்தனை கோர்ட்னு முடிவு பண்ற மேஜையிலயும் அவங்களை உக்கார வைக்கலாம்.